அதிமதுரப் பொட்டலத்தில் அளவு அச்சாக வேண்டும்

இருமலுக்கும் தொண்டைக் கட்டுக்கும் அதிமதுரம் கைகண்ட மருந்து, அதில் சந்தேகமில்லை. அதன் தித்திப்புக்குக் காரணம் கிளைசிரைசின். சர்க்கரையைவிடச் சுமார் 50 மடங்கு இனிக்கும் இது, பூந்திக்கொட்டையை நுரைக்கவைக்கும் சப்போனின் வகையைச் சேர்ந்தது. டிரைடெர்பீன் கருவோடு இரண்டு குளுகுரோனிக் அமிலத் துண்டுகள் ஒட்டியிருக்கும். குடல் பாக்டீரியாக்கள் அந்தத் துண்டுகளைக் கழற்றிவிட, மிஞ்சும் கிளைசிரெட்டினிக் அமிலம் ரத்தத்தில் சேர்கிறது. வில்லங்கம் அதற்குப் பிறகுதான். சிறுநீரகத்தில் கார்டிசால் ஹார்மோனை முடக்கிவைக்கும் நொதியை இந்த அமிலம் தடுத்துவிடுகிறது. முடங்காத கார்டிசால், உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டீரோனின் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. உடலில் சோடியம் தங்குகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது, கால் வீங்குகிறது, முற்றினால் இதயத் துடிப்பே தடுமாறுகிறது. வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்த நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ், நோயாளிகளின் உடல் வீங்கியதை 1940களிலேயே பதிவு செய்தார்.

தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய வேரின் மேல் இப்போது ஏன் சந்தேகம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சித்த மருத்துவர் நாடி பார்த்து, அளவு சொல்லி, நாள் கணக்கு வைத்துக் கொடுத்தது வேறு; அதே வேரைத் தேநீர்த் தூளாகவும் மிட்டாயாகவும் மாதக்கணக்கில் நாமே சாப்பிடுவது வேறு. மரபைக் காட்டி அளவைக் கைவிடுவது மரபுக்கே விரோதம். கொஞ்சம் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும் என்பது அடுத்த வாதம். ஸ்வீடனில் 2024இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்கள் தினமும் 100 மில்லிகிராம் கிளைசிரைசினை இரண்டு வாரம் உட்கொண்டதிலேயே ரத்த அழுத்தம் சராசரியாக 3 புள்ளி ஏறியது. அந்த 100 மில்லிகிராம்தான் ஐரோப்பாவில் அதுவரை பாதுகாப்பான உச்ச அளவாகக் கருதப்பட்டது. ஏற்கெனவே ரத்த அழுத்த மாத்திரையோ, பொட்டாசியத்தை வெளியேற்றும் நீர் மாத்திரையோ சாப்பிடுபவருக்கு ஆபத்து இதைவிடக் கூடும்.

வேருக்கு வேர் கிளைசிரைசின் அளவு மாறும் என்பதால் அச்சிடுவது கடினம் என்று உற்பத்தியாளர்கள் சொல்லலாம். மாறுகிறது என்பதாலேயே ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து அச்சிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு கிலோவுக்கு 4 கிராம் கிளைசிரைசினைத் தொடும் மிட்டாய் உறையில், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிகம் சாப்பிட வேண்டாம் என்ற எச்சரிக்கை கட்டாயம். நம் பொட்டலங்களிலும் ஒரு வேளைக்கான கிளைசிரைசின் அளவும், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எச்சரிக்கையும் தமிழில் அச்சாக வேண்டும். அதுவரை, மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்கள் குடிக்கும் அதிமதுரக் கஷாயத்தைப் பற்றியும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.