வெற்றிப் பட்டியலும் நடுவு நிலைமையும்

விளையாட்டு உடலுக்கு உரம் ஊட்டுவது. உள்ளத்திற்குப் பண்பு கற்பிப்பது. வெற்றியில் துள்ளாமையும் தோல்வியில் துவளாமையும் ஆடுகளம் தரும் பாடங்கள் என்பர். ஆயின் அப்பாடங்கள் ஆடுவோர்க்கு மட்டுமே உரியனவா? பார்ப்போர்க்கும் உடன் ஆடுவோர்க்கும் அவை வேண்டாவா? இவ்வினாவை ஆழமாக எழுப்பிய ஆண்டு, டென்னிஸ் வரலாற்றில் 1993 எனக் கருதுகிறோம்.

டென்னிஸ் உலகில் பெரும்போட்டிகள் நான்கு. அவ்வாண்டின் மகளிர் பட்டியலைப் புரட்டினால், சனவரியில் மெல்போர்னில் மோனிகா செலஸ் வென்றார். பின்னர் பாரிஸ், விம்பிள்டன், நியூயார்க் ஆகிய மூன்றிலும் ஸ்டெஃபி கிராஃப் வென்றார் எனக் காண்கிறோம். அன்று பள்ளிப் பருவத்தினராய் இருந்த நாம் கிராஃபின் ஆட்டத்தில் மயங்கியவர்கள். செய்தித்தாளில் வந்த அவர் படத்தை வெட்டிக் குறிப்பேட்டின் அட்டையில் ஒட்டி மகிழ்ந்தோம். எதிரே நிற்க வேண்டிய ஒருவர் நிற்கவில்லையே என ஒரு கணமும் எண்ணிப் பார்த்தோமில்லை.

அந்த ஒருவர் யார்? யுகோஸ்லாவியாவின் நோவி சாத் நகரில் பிறந்த செலஸ், 19 வயதிற்குள் எட்டுப் பெரும்போட்டிகளை வென்றவர். மெல்போர்ன் இறுதியாட்டத்தில் கிராஃபையே 4-6, 6-3, 6-2 என வீழ்த்தியவர். 1993 ஏப்ரல் 30 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் அவர் மக்தலேனா மலீவாவுடன் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் இடையே நாற்காலியில் அமர்ந்து இளைப்பாறிய வேளையில், பார்வையாளர் பக்கமிருந்து வந்த ஒருவன் அவர் முதுகில் கத்தியால் குத்தினான். பணம் காரணமன்று, பழைய பகையும் இல்லை. தான் போற்றும் கிராஃப் மீண்டும் முதலிடம் பெறவேண்டும் என்பதே அவன் நோக்கம். உடற்காயம் விரைவில் ஆறிற்று. உள்ளத்தில் புகுந்த அச்சமோ அவரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆடுகளத்தை மிதிக்கவிடவில்லை.

இதில் கிராஃபைக் குறை கூறுதல் அறமாகாது. அவர் மருத்துவமனைக்குச் சென்று செலஸைக் கண்டார். தம் திறத்தால் ஆடி வென்றார். நம் வருத்தம் வேறு. செலஸின் தரவரிசை இடத்தை அவர் திரும்பும்வரை காத்து வைக்கலாமா என்று முன்னணி வீராங்கனைகளிடம் கேட்கப்பட்டது. வாக்களித்தோர் வேண்டாம் என்றனர். அர்ஜென்டினாவின் கேப்ரியேலா சபாட்டினி ஒருவரே அவர்களோடு சேராமல் வாக்களிப்பிலிருந்து விலகி நின்றார். சூன் 7ஆம் நாள் கிராஃப் முதலிடத்தில் அமர்ந்தார். கத்தி எதை வேண்டிற்றோ, அதைக் கணிப்பொறி நிறைவேற்றிக் கொடுத்தது!

தரவரிசை ஆடுவோர்க்கே உரியது, ஆடாதவர்க்கு இடம் ஒதுக்கினால் உழைப்போர்க்கு இழப்பன்றோ என்று வாதிடுவார் உளர். பொருளுடைய வாதமே, அந்த வரிசையை நம்பியே அவர்கள் பிழைப்பு நடந்தது. ஆனால் ஓடுகையில் கால் பிசகி விலகுவது வேறு. முதலிடத்தில் இருந்தமைக்காகவே குத்துண்டு விலகுவது வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நீதி போலத் தோன்றும், நீதி ஆகாது. குத்தியவனது மனநிலையைக் கருதி, நீதிமன்றமும் அவனுக்கு நிறுத்தி வைக்கப்பட்ட இரண்டாண்டுத் தண்டனையே அளித்தது. அவன் சிறையின்றி வெளியேறினான். செலஸ் அதன்பின் ஜெர்மன் மண்ணில் ஆடவே இல்லை.

அவ்வாண்டின் விம்பிள்டன் இறுதியாட்டத்தில் மற்றொரு காட்சியைக் கண்டோம். மூன்றாம் செட்டில் 4-1 என முந்தியிருந்த யானா நவோட்னா கிராஃபிடம் தோற்றார். பரிசு வழங்க வந்த கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து அழுதார். கோமகளும் அவரை அணைத்துத் தேற்றினார். உலகமே உருகிற்று. ஆட்டத்தில் தோற்றவருக்குச் சாயத் தோள் கிடைத்தது. ஆடும் வாய்ப்பையே பறிகொடுத்தவருக்காக உயர்த்த, வாக்களித்தோரிடம் ஒரு கை கூட இல்லையே!

வள்ளுவப் பெருந்தகை நடுவு நிலைமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். நம் மார்க்கமும், தமக்கோ தம் உறவினர்க்கோ பாதகமாயினும் நீதியின் பக்கம் நிற்கவே பணிக்கிறது. இழப்பு ஏதுமில்லாதபோது நீதி பேசுதல் எவர்க்கும் எளிது. நம் இடம் ஒரு படி இறங்கும் என்றபோதும் பேசுவதே நடுவு நிலைமை.

செலஸ் 1995 ஆகஸ்டில் திரும்பியபோது கிராஃபுடன் இணை முதலிடம் அவருக்கு வழங்கப்பட்டது. காலம் கடந்த நீதியாயினும் வரவேற்கத்தக்கதே. திரும்பிய முதற்போட்டியாகிய கனடாப் போட்டியை அவர் வென்றார். 1996இல் ஆஸ்திரேலியப் பட்டத்தையும் பெற்றார். அதுவே அவரது ஒன்பதாவது பெரும்பட்டம்; இறுதியானதும் அதுவே.

மாணவச் செல்வங்களே! விளையாட்டு வீரரிடமோ நடிகரிடமோ தலைவரிடமோ பற்றுக் கொள்ளுங்கள், பிழையன்று. தம்மவர் வெல்ல வேண்டுமென விழைவது பற்று. பிறர் வீழ வேண்டுமென விழைவது வெறி. வெறி கொண்டோர் சிலரே. அவ்வெறியின் விளைவைக் கண்டும் தம் ஆதாயம் கருதி வாளாவிருப்போர் பலர். குறிப்பேட்டு அட்டையில் படம் ஒட்டி மகிழ்ந்த நாமும் அன்று அப்பலருள் ஒருவராய் இருந்தோம் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம். நீங்கள் அவ்வாறு ஆகாதிருக்க இறைவன் அருள்புரிவானாக!