யாருக்கு அருவருப்பு?

மாட்டிறைச்சியும் மரக்கறியும் இட்டுக் காய்ச்சும் சூப்பைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் இருப்பார்கள். அவர்களை நோக்கியே எழுதுகிறேன்.

செய்முறை எளிது. எலும்போடு கூடிய அரைக்கிலோ இறைச்சியைக் குளிர்நீரில் இட்டு, மெல்லிய நெருப்பில் ஏற்றி, எழும் நுரையை அகப்பையால் வழித்தெறிய வேண்டும். மிளகு, மல்லி, இஞ்சி, உள்ளி தட்டிப் போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்க விடவேண்டும். இறைச்சி நெகிழ்ந்தபின் உருளைக்கிழங்கும் கரட்டும். இறக்குமுன் கோவாவும் லீக்ஸும். கோப்பையில் ஊற்றியபின் தேசிக்காய்ப் புளி. எலும்பின் சத்தெல்லாம் சாற்றில் இறங்கிவிடும் என்பது மிகை. இரும்புச்சத்து இறைச்சியில்தான் இருக்கிறது. ஆகவே சாற்றைத் தான் குடித்து இறைச்சியைக் கணவனுக்கு ஒதுக்கும் தாய் ஏமாந்துபோகிறாள்.

இந்தச் சட்டியை ஊவாவின் லயத்துக் காம்பிராவில் வைத்துப் பாருங்கள். கரட்டும் லீக்ஸும் வெலிமடையிலும் பண்டாரவளையிலும் விளைந்து லொறியேறிக் கொழும்பு போகின்றன. விடிந்ததும் மலையேறும் பெண்ணுக்கு இரண்டு மணி நேர நெருப்பு எங்கிருந்து கிடைக்கும்? அவளுக்கு உள்ளது ரொட்டியும் தேத்தண்ணீரும். உணவோடு அருந்தும் தேயிலைச் சாயம், அந்த உணவிலுள்ள சொற்ப இரும்பையும் உடலில் சேரவிடாது. அவள் கிள்ளும் கொழுந்தே அவள் இரத்தத்துக்குப் பகை! 2016-ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில், வயதுக்கேற்ற உயரமற்ற ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17.3, தோட்டங்களிலோ 31.7.

கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. நாடே கண்ணீர் விட்டது. அந்த அடுப்புகள் எரிந்துகொண்டிருந்த காலத்தில் அவற்றில் என்ன வெந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்?

கேட்டவர்களும் உண்டு, எப்படிக் கேட்டார்கள் தெரியுமா? ‘மாடு தின்பவர்களா நீங்கள்?’ என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சியே சந்தையில் வாங்கிய பொட்டலம் மரக்கறிக்கடியில் ஒளிந்து லயத்துக்கு வருகிறது. ‘தமிழர் பண்பாட்டுக்கு இழுக்கு’ என்கிறார்கள். எந்தத் தமிழர்? மழவர் ஆவைத் தின்றதை அகநானூறு ஒளிக்கவில்லை. மாட்டிறைச்சி உண்டவரை ஒதுக்கியதிலேதான் தீண்டாமையின் வேர் இருக்கிறது என்று அம்பேத்கர் 1948-இல் நூலெழுதி வாதிட்டார். திருவிழாவில் சாமி புறப்பட மாட்டுத்தோல் போர்த்த தப்பு வேண்டும்; அந்தத் தோலுக்குள் இருந்த இறைச்சி மட்டும் தீட்டா?

பசுவை வளர்த்துப் பால் கறந்து, அதன்மேல் கொண்ட பாசத்தால் இறைச்சியைத் தொடாதவரோடு எனக்குச் சண்டையில்லை. அவர் கடலையும் முட்டையும் உண்ணட்டும். தன் விரதத்தை அயலானின் சட்டிக்குச் சட்டமாக்குபவரோடுதான் சண்டை.

2020 செப்டெம்பரில் இலங்கை அமைச்சரவை மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்குக் கொள்கையளவில் இணங்கியது. கூடவே, உண்போருக்கு மாட்டிறைச்சியை இறக்குமதி செய்து சலுகை விலையில் தருவதாகவும் சொன்னது! அப்படியானால் அயல்நாட்டு மாட்டுக்கு உயிரில்லையா? உள்ளூரில் மாடு வளர்த்து விற்கும் ஏழையின் வருவாய் போகும். கப்பலில் வரும் இறைச்சி கொழும்பு விடுதிகளின் மேசைக்குப் போகும். கொஸ்லாந்தை மலைமேலே எந்தக் குளிர்பெட்டி ஏறிவரும்? 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்த அரசு, தேத்தண்ணீரைத் தவிர வேறெதை அந்தக் காம்பிராவுக்குத் தந்திருக்கும்?