மைடாஸ் தொட்டால் நாலு மடங்கு

திருடுகிறவனுக்கு முதல் லட்சணம் வாயை மூடிக்கொண்டிருப்பது. இதை யாரும் ஹாலிவுட் பக்கத்து ராப் பாடகர் நியூக் பிசிலுக்குச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. 2020-ல் கொரோனா வந்து அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்களுக்கு வேலை போனதல்லவா? அப்போது கலிஃபோர்னியாவில் வேலையில்லாதவர்களுக்குக் கொடுத்த உதவித்தொகையை இந்த ஆசாமி அடுத்தவர் பெயரிலெல்லாம் மனுப்போட்டு வாங்கினார். வாங்கினவர் சும்மா இருந்தாரா? அதைப் பற்றிப் பெருமையடித்து ஒரு பாட்டுக் கட்டி, கையில் அரசாங்க உறைகளைக் கட்டாகப் பிடித்துக்கொண்டு வீடியோ எடுத்து யூட்யூபில் விட்டார்.

பாட்டைப் போலீசும் கேட்டது. 92 டெபிட் கார்டுகள், அவற்றில் 12 லட்சம் டாலருக்கு மேல் பணம். 2022-ல் கோர்ட் அவருக்கு ஆறு வருஷம் ஐந்து மாதம் ஜெயில் கொடுத்தது (வைத்திருக்கக் கூடாத துப்பாக்கியை வைத்திருந்ததும் இதில் சேர்த்தி). ஏழு லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கட்டவும் உத்தரவு. பாட்டு எவ்வளவு சம்பாதித்தது என்று தெரியவில்லை.

இவர் தனி ஆள் இல்லை. அதே கலிஃபோர்னியாவில் மரண தண்டனைக் கைதிகள் 133 பேர் பெயரில் மனு வந்திருந்ததை 2020 நவம்பரில் அரசு வக்கீல்கள் வெளியிட்டார்கள். உதவித்தொகை வாங்க ஒருவர் வேலை செய்யத் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. இவர்கள் எந்த வேலைக்குத் தயாராக இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த இலாகாவிலேயே முன்பு வேலை பார்த்த ஓர் அம்மாள், அப்போது செனட்டராக இருந்த டயான் ஃபைன்ஸ்டைன் பெயரில்கூட மனுப் போட்டிருந்தார். அவருக்கு ஐந்து வருஷம் மூன்று மாதம். நாடு முழுக்க இப்படிப் போனது 10,000 கோடி டாலரிலிருந்து 13,500 கோடி டாலர் வரை இருக்கும் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2023-ல் மதிப்பிட்டது.

சட்டம் இவர்களை விடுவதில்லை. மோசடிக்குத் தபாலைப் பயன்படுத்தினால் 20 வருஷம் வரை ஜெயில். அடுத்தவர் பெயரையும் அடையாளத்தையும் திருடியிருந்தால் அதற்கு மேல் கட்டாயமாக இன்னொரு இரண்டு வருஷம். ஆனால் ஒன்று. தெரிந்தே, ஏமாற்றும் எண்ணத்தோடு செய்தார் என்பதை அரசு வக்கீல் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். ஃபாரத்தில் தேதியை மாற்றி எழுதினவனும் கைதி பெயரில் கார்டு வாங்கினவனும் ஒன்றில்லை. முன்னவன் அதிகமாக வாங்கினதைத் திருப்பிக் கட்டினால் போதும். எண்ணம் கெட்டிருந்தால்தான் அபராதம், ஜெயில் எல்லாம்.

எண்ணத்தை எப்படி அளப்பது? மனிதனே திணறுகிற இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துப் பார்த்த ஊர் ஒன்று உண்டு. கொரோனாவுக்கு ஏழு வருஷம் முந்தி, கார்களுக்குப் பேர்போன டெட்ராய்ட் இருக்கிற மிச்சிகன் மாநிலம்.

அங்கே இந்த உதவித்தொகை தர்மம் இல்லை, இன்ஷூரன்ஸ். ஆள் வேலையில் இருக்கும்போதே அவனுக்காக முதலாளி வரி கட்டுகிறார். வேலை போனால் வாரம் அதிகபட்சம் 362 டாலர், 20 வாரம் வரை. அப்போதைய கணக்கு இது. இதில் மோசடியைக் கண்டுபிடிக்க 2013 அக்டோபரில் சுமார் 4.7 கோடி டாலரில் ஒரு புது கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அதற்கு மைடாஸ் என்று நாமகரணம். தொட்டதெல்லாம் பொன்னான அந்தக் கிரேக்க ராஜாதான். சாப்பாட்டைத் தொட்டதும் அதுவும் பொன்னாகி ராஜா பட்டினி கிடந்தது கதையின் பின்பாதி. பெயர் வைத்தவர்கள் முன்பாதியோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள் போல.

மைடாஸ் வந்ததும் இலாகாவில் சுமார் 400 பேரை, அதாவது மூன்றில் ஒரு பங்கு ஆட்களை, வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை போனவர்களைக் கவனிக்கிற ஆபீசிலேயே!

மைடாஸ் செய்த வேலையை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். ஒரு பெயிண்டர். ஜனவரியிலிருந்து ஆறு வாரம் வேலை, வாரம் 650 டாலர் சம்பளம். மொத்தம் 3,900. அப்புறம் வேலை போயிற்று. மிச்சம் ஏழு வாரத்துக்கு, வாரம் 300 வீதம் 2,100 டாலர் உதவித்தொகை வாங்குகிறார். எல்லாம் நியாயம். ஆனால் முதலாளி இலாகாவுக்குச் சொல்வது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மொத்தத் தொகையாக. மைடாஸ் 3,900-ஐ 13 வாரத்தால் வகுத்தது. வாரம் 300! அப்படியானால் இந்த ஆள் பதின்மூன்று வாரமும் சம்பளம் வாங்கிக்கொண்டே உதவித்தொகையும் வாங்கியிருக்கிறான். பிடி திருடனை!

பிடிக்கு முன்னால் ஒரு கேள்வித்தாள் உண்டு. வேண்டுமென்றே பொய்த் தகவல் தந்தாயா, எதனால் உனக்கு இந்தப் பணம் சேரும் என்று நினைத்தாய் என்கிற தினுசில். பதில் சொல்லப் பத்து நாள். பல பேருக்கு இது, அவர்கள் எப்போதோ திறந்து மறந்தே போயிருந்த இணையக் கணக்குக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வேலை கிடைத்துப் போனவன் அதைத் திறந்து பார்ப்பானா சார்? பத்து நாள் தாண்டினால் மௌனம் சம்மதம். தீர்ப்பு: மோசடி.

இந்தக் குற்றத்துக்கு மத்திய சட்டம் சொல்கிற குறைந்தபட்ச அபராதம் 15 சதவீதம். கலிஃபோர்னியாவில் 30. மிச்சிகனில் அப்போது 400. நம் பெயிண்டர் 2,100-ஐத் திருப்பித் தர வேண்டும், அதற்கு மேல் நாலு மடங்கு 8,400. ஆக 10,500 டாலர். வட்டி வருஷத்துக்கு 12 சதவீதம் தனி. கட்டாவிட்டால் சம்பளத்தில் கால் பங்கு வரை பிடித்தம், வருமான வரியில் திரும்பி வரவேண்டிய பணமும் காலி. பல பேருக்குத் தங்கள் மேல் குற்றம் சாட்டப்பட்டதே சம்பளக் கவரைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. சிலர் திவால் மனுக் கொடுத்தார்கள். சிலருக்கு வீடு போயிற்று.

மனிதக் கை படாமல் மைடாஸ் தானாகவே சொன்ன தீர்ப்புகள் 22,000-க்கு மேல். பின்னால் உட்கார்ந்து சரிபார்த்தபோது அதில் 93 சதவீதம் தப்பு. கண்ணை மூடிக்கொண்டு காசைச் சுண்டிவிட்டிருந்தால்கூட இதைவிட நியாயமாக இருந்திருக்கும். மனிதரும் சேர்ந்து பார்த்தவற்றையும் கணக்கில் எடுத்தால், திருப்பிப் போட்ட தீர்ப்புகள் மொத்தம் 44,000-க்கு மேல். இதற்கிடையில் அபராதம் போய்ச் சேருகிற இலாகா நிதி, 2011-ல் சுமார் 30 லட்சம் டாலராக இருந்தது, ஐந்தே வருஷத்தில் 15 கோடியைத் தாண்டியிருந்தது. ராஜா பொன்னாக்கிக்கொண்டுதான் இருந்தார்.

எனக்கு உறைக்கிற விஷயம் வேறு. பாட்டுப் பாடித் திருடினாரே, அவருக்கு வக்கீல் இருந்தார், எதிரில் முகம் பார்த்துப் பேச ஒரு நீதிபதி இருந்தார், குற்றப்பத்திரிகையில் என்ன எழுதியிருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தது. பெயிண்டருக்கு இதில் ஒன்றும் கிடையாது. காரணம், அவர் மேல் போட்டது கிரிமினல் கேஸ் இல்லையாம், வெறும் அபராதமாம்.

இந்த வகுத்தல் வித்தை அமெரிக்காவோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 2015 முதல் 2019 வரை, வருஷ வருமானத்தை இரண்டு வாரக் கணக்காகப் பிரித்துப் போட்டு, உதவித்தொகை வாங்கின லட்சக்கணக்கான பேரைக் கடன்காரர்களாக்கினார்கள். ரோபோடெட் என்று அதற்கு ஊரே பெயர் வைத்தது. விசாரணைக் கமிஷன் 2023-ல் அரசைக் கிழித்துத் தோரணம் கட்டியது.

மிச்சிகனில் பாதிக்கப்பட்டவர்கள் 2015-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். அரசின் முதல் வாதம், நீங்கள் தாமதமாக வந்துவிட்டீர்கள் என்பது. அதையே 2019 வரை வாதாடினார்கள். நடுவில் 2017-ல் இலாகா சுமார் 2.1 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்தது, அந்த வருஷக் கடைசியில் நாலு மடங்கு அபராதமும் சட்டத்திலிருந்து குறைந்தது. நஷ்ட ஈடு கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டு என்று மாநில சுப்ரீம் கோர்ட் சொன்னது 2022-ல், அதுவும் நாலுக்கு மூன்று என்ற கணக்கில்தான். அப்புறம் 2 கோடி டாலருக்கு ராஜி. அதற்குக் கோர்ட் முடிவான ஒப்புதல் தந்தபோது 2024 பிறந்திருந்தது.

பத்து வருஷம் முன்னால் வீட்டைப் பறிகொடுத்தவருக்கு அந்தச் செக்கை எந்த விலாசத்துக்கு அனுப்பினார்களோ!