பேரன் லிங்கேஜ் மாற்றக் காசு கேட்டால்

ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருக்கும் பேரன், இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டப்போகிறேன், பின் லிங்கேஜை மாற்ற வேண்டும் என்று காசு கேட்டால் உடனே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். எதற்கு, எந்த மாதிரி என்று கேளுங்கள்.

லிங்கேஜ் என்பது ஸ்விங் ஆர்முக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவே உள்ள சின்ன நெம்புகோல். அதன் தண்டுக்குப் பிரெஞ்சில் ‘பியெலெத்’ என்று பெயர். லிசேயில் எங்களுக்குக் கரும்பலகையில் போட்ட நெம்புகோல் கணக்கேதான். சக்கரம் 2 மி.மீ. ஏறினால் ஷாக் ஏறத்தாழ 1 மி.மீ. அமுங்கும். சக்கரம் மேலே போகப் போக ஷாக் இன்னும் அதிகமாக அமுங்கி, பின்பக்கம் விறைக்கும். வீட்டுக்காரியைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளத்தில் இறங்கும்போது அது நல்லதுதான். டிராக்கில் பின்னால் ஆளுமில்லை, பள்ளமுமில்லை. வளைவு முடிந்து ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது டயரின் பிடி ஓட்டுபவனுக்குத் தெரிய வேண்டும். விறைப்பு சட்டென்று ஏறினால் தெரியாது. அதனால் விறைப்பு மெல்ல ஏறும் லிங்கேஜே அங்கே சரி, அதற்கேற்ற ஸ்பிரிங்கோடு.

கால் தரையில் எட்டுவதற்காக விற்கிறார்களே, சீட்டைத் தாழ்த்தும் தண்டு, அதை டிராக்குக்குப் போடவே கூடாது என்பேன். பின்பக்கம் தாழ்ந்தால் வண்டி திரும்ப முரண்டு பிடிக்கும், வளைவில் ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசும். அந்த வேகத்தில் உரசினால் பையன் கீழே கிடப்பான்.

கே.டி.எம். ஆர்.சி. 390-இல் லிங்கேஜே கிடையாது. அதிலும் பந்தயம் ஓட்டுகிறார்கள். முதலில் பையனின் எடைக்கு ஸ்பிரிங் பொருந்துகிறதா பாருங்கள். பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஓர் அளவு, அவன் ஏறி உட்கார்ந்தபின் ஓர் அளவு. வித்தியாசம் 25 முதல் 35 மி.மீ.க்குள் இருக்கலாம். இதற்கு ஒரு டேப்பும் பிடித்துக்கொள்ள இரண்டு ஆளும் போதும்.