கள்ளத்தோணியாம், கள்ளத்தோணி!

நாடு நலிகிறதாம்! வேலை கிடைக்கவில்லையாம், கூலி உயரவில்லையாம், விலைவாசி ஏறுகிறதாம். காரணம் யாதெனக் கேட்டால், எல்லை தாண்டி வந்த ஏழையை நோக்கிக் கை நீட்டுகின்றனர். 2025 ஆகஸ்ட் 15ஆம் நாள் செங்கோட்டைக் கொத்தளத்திலே நின்று நாட்டின் தலைமை அமைச்சரே இதனைக் கூறினார். ஊடுருவி வந்தோர் இளைஞர்களின் பிழைப்பைப் பறிக்கின்றனர் என்றார். அதற்கென ஓர் உயர்மட்ட இயக்கத்தையும் அறிவித்தார். ஏடுகள் அதனைத் தலைப்பிலே ஏற்றின. பொன்மலைத் தேநீர்க் கடைகளிலே அவ்வேட்டைப் படித்துத் தலையசைத்தோரில் நம் தோழர்கள் சிலரும் இருந்தனர் என்பதுதான் நமக்கு வேதனை.

தலையசைக்கட்டும், தடையில்லை. ஆனால் கையிலே தேநீர் இருக்கிறதல்லவா? அந்தத் தேயிலையின் கதையைக் கேட்டுவிட்டு அசைக்கட்டும்.

1904ஆம் ஆண்டிலே இலங்கைத் தோட்ட முதலாளிகள், கூலியாட்களைத் திரட்ட 'இலங்கைத் தொழிலாளர் ஆணையம்' என ஓர் அமைப்பைக் கண்டனர். அதன் தலைமையிடம் எங்கே? கொழும்பிலா, கண்டியிலா? இல்லை, நம் திருச்சிராப்பள்ளியிலே! மலைக்கோட்டையின் நிழலிலே இருந்துகொண்டு அவர்கள் ஆள் பிடித்தனர். திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று சிற்றூர்தோறும் கங்காணிகள் சென்றனர். சென்ற இடமெல்லாம் பஞ்சம் அவர்களுக்கு முன்பே சென்றிருந்தது. பஞ்சம் செல்லாத ஊருக்குச் சாதி சென்றிருந்தது. பண்ணையார் வயலிலே பரம்பரை அடிமையாய்க் கிடந்த தாழ்த்தப்பட்ட மக்களே பெரும்பாலும் கப்பலேறினர். கழுத்திலே கடன், கையிலே அக்கடனைக் குறித்த 'துண்டு'. அத்துண்டுச் சீட்டை ஒழிக்க 1921 வரை ஆயிற்று. மண்டபம் முகாமிலே அவர்களை மந்தைபோல் அடைத்து வைத்து, நோய் உண்டா என்று சோதித்து, அம்மை குத்தி, எண்ணிப் பார்த்து ஏற்றியனுப்பினர். 1914 முதல் பாம்பன் பாலத்தின் மீது தனுஷ்கோடிவரை அவர்களைச் சுமந்து சென்றது தென்னிந்திய இரயில்வே. 1928 முதல் அந்த இரயில்வேயின் மையப் பட்டறை நம் பொன்மலை!

ஆக, ஆள் எடுத்தவன் வெள்ளை முதலாளி. அனுமதி தந்தது வெள்ளை அரசு. ஏற்றிச் சென்றது இருப்புப் பாதை. இதிலே கள்ளத்தோணி எங்கே வந்தது?

1948இலே வந்தது! விடுதலை பெற்ற இலங்கை இயற்றிய முதற் சட்டங்களுள் ஒன்று குடியுரிமைச் சட்டம். தந்தை இலங்கையிலே பிறந்தவர் என்பதற்குச் சான்று காட்டு, இன்றேல் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தமைக்குச் சான்று காட்டு என்றது அச்சட்டம். 'லயன்' எனும் கொட்டடியிலே பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்று ஏது? ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒரே சட்டத்தால் நாடற்றோர் ஆயினர். அதற்கு முந்திய ஆண்டுத் தேர்தலிலே இவர்கள் ஏழு உறுப்பினரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தனர். இடதுசாரிகள் பலரின் வெற்றிக்கும் துணை நின்றனர். சட்டத்தின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. வாக்கைப் பறிக்க வேண்டும். பறிப்பதற்கு ஒரு பெயர் வேண்டும். கள்ளத்தோணி என்ற பெயர் கிடைத்தது. யாழ்ப்பாணத்துத் தமிழரிலும் அப்பெயரைச் சொல்லிச் சிரித்தோர் உண்டு. எதிர்த்து நின்ற செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசை விட்டு வெளியேறி, 1949இலே தமிழரசுக் கட்சி கண்டார்.

இனிப் பொருளாதாரத்துக்கு வருவோம். வந்தேறிகளால் இலங்கைப் பொருளாதாரம் கெட்டதா? காடு திருத்தியவர் யார்? மலைச்சரிவிலே பாதை வெட்டியவர் யார்? அட்டைக்கடியிலே கொழுந்து கிள்ளியவர் யார்? விடுதலை பெற்ற நாளிலே அந்நாட்டின் ஏற்றுமதி வருவாயிலே பெரும்பகுதி தேயிலையும் இரப்பரும் தந்தவை. இன்றும் தேயிலை மட்டும் ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் ஈட்டித் தருகிறது. நாட்டின் கருவூலத்தை நிரப்பியவனை நாட்டுக்குப் பாரம் என்றனர்! உரிமை இல்லாத காரணத்தால் அவன் கூலி தாழ்ந்தே இருந்தது. ஆதாயம் யாருக்கு? பக்கத்துச் சிற்றூரிலே நிலமின்றி வாடிய சிங்கள உழவனுக்கா? அல்ல, இலண்டனிலே பங்கு வைத்திருந்தவனுக்கு. அந்த உழவனோ கொட்டடித் தமிழனைக் கண்டு சீறிக்கொண்டிருந்தான். சீறும்படி அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஒன்பது இலட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேரிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பிறகு பார்க்கலாம் என்று! 1974இலே அந்த எச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். சந்தையிலே மாடு பிடிப்பவன்கூட மாட்டின் பல்லைப் பார்ப்பான். இங்கே யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நீ எங்கே வாழ விரும்புகிறாய் என்று அம்மக்களை ஒப்பந்தம் போடுமுன் ஒருவரும் கேட்கவில்லை.

திரும்பி வந்தவர்களால் தமிழ்நாடு திவாலாயிற்றா? அவர்களுக்கு வேலை தருவதற்கென 1968இலே நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கிற்று; பின்னர் அதுவே டான்டீ கழகம் ஆயிற்று. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோரின் மறுவாழ்வுக்காக 1969இலே பிறந்தது ரெப்கோ வங்கி. இன்று அந்த வங்கியிலே கடன் வாங்கி வீடு கட்டும் ஊர்க்காரருள் எத்தனை பேர் அதன் வரலாறு அறிவர்? வந்தோர் அனைவரும் வாழ்ந்துவிட்டனர் என்று நாம் கூறவில்லை. கொடைக்கானல் மலைக்காடுகளிலே கொத்தடிமைகளாய்ச் சிக்கியோரும் உண்டு. ஆவணமும் ஆதரவும் கிட்டியவன் நாட்டுக்கு ஆக்கம் தந்தான். கிட்டாதவன் ஒப்பந்தக்காரனுக்கு இரையானான். இருவரும் ஒரே கப்பலிலே வந்தவர்கள்தாம்.

இந்தியாவுக்கு வரவேண்டிய கணக்கிலே இருந்தும் வாராதிருந்தோர், 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் உயிர் பிழைக்கப் படகேறி ஓடி வந்தனர். ஈழத் தமிழரும் வந்தனர். பொன்மலைக்கு அருகே விமான நிலையத்தை ஒட்டிக் கிடக்கும் கொட்டப்பட்டு முகாம் அவர்களின் குடியிருப்பு. மண்டபத்திலோ, பாட்டனை அடைத்து வைத்த அதே முகாமிலே பேரன் அகதியாய் அடைபட்டான்! 2021 கணக்கின்படி, தமிழகமெங்கும் முகாம்களிலே இருந்தோர் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர்.

2003ஆம் ஆண்டைக் கவனியுங்கள். அவ்வாண்டு இலங்கை நாடாளுமன்றம், 1964 முதல் அங்கேயே வாழும் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கச் சட்டம் செய்தது. ஐம்பத்தைந்து ஆண்டுக் கறையைக் கொழும்பு கழுவிற்று. அதே ஆண்டு தில்லி என்ன செய்தது? குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, உரிய ஆவணமின்றி வந்த எவரும் 'சட்டவிரோதக் குடியேறி', அவருக்குப் பதிவின் மூலமும் குடியுரிமை இல்லை என்றது. அங்கே கீழே போட்ட சொல்லை இங்கே குனிந்து எடுத்துக்கொண்டனர்! 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்த பிள்ளையின் தாய் இந்தியராகவே இருந்தாலும், தந்தை ஆவணமின்றி வந்தவராயின் பிள்ளையும் குடிமகன் அன்று. பள்ளிப் பதிவேட்டிலே 'நாட்டினம்' எனும் கட்டத்துக்கு எதிரே பேனாவைப் பிடித்துக்கொண்டு தயங்கி நிற்கும் ஆசிரியர்கள் இதனை அறிவோம். எதிரே நிற்கும் பிள்ளை பிறந்தது திருச்சி மருத்துவமனையிலே. அது பார்த்த ஒரே ஆறு காவிரி.

அப்பிள்ளை பட்டம் பெற்றாலும் அரசுப் பணி இல்லை, கடவுச்சீட்டு இல்லை. சுவருக்கு வண்ணம் பூசப் போகிறது. படிப்பிக்கச் செலவிட்ட நாடு பயனைப் பெற மறுக்கிறது. இழப்பு யாருக்கு?

கூலி குறைகிறது என்போருக்கு நேராகவே விடை கூறுவோம். குறைவது உண்டு. ஆனால் குறைப்பது வந்தவன் அல்லன், அவன் அச்சம். 1946 செப்டம்பர் 5ஆம் நாள் பொன்மலையிலே தொழிலாளர் மீது துப்பாக்கி வெடித்தது, ஐவர் மாண்டனர். அவர்கள் செங்கொடியினர், கருஞ்சட்டையினர் அல்லர். அதனாலென்ன? தொழிலாளி வெட்டவெளியிலே மார்நிமிர்த்தி நின்றால்தான் கூலி உயரும் என்பதை அவர்கள் காட்டிச் சென்றனர். நாடு கடத்திவிடுவேன் என்ற ஒரே சொல்லுக்கு நடுங்குபவன் எப்படி மார்நிமிர்த்துவான்? சட்டவிரோதி என்ற முத்திரை முதலாளிக்குக் கிடைத்த மலிவான காவலாளி. முத்திரையை அழியுங்கள், கூலி தானே நிமிரும்.

எனில் எல்லையைத் திறந்து போடலாமா என்று துள்ளுவர் சிலர். வேண்டா. எல்லைக்குக் காவல் இருக்கட்டும். ஆயுதம் கடத்துவோனை, ஆளைக் கடத்துவோனைப் பிடிக்கட்டும். நாற்பதாண்டு நம் மண்ணிலே உழைத்தவனை நேற்று நுழைந்தவனாக எண்ணுவது காவலா?

நம் வீட்டிலும் ஒரு குப்பை உண்டு. 2019இலே பொன்மலைப் பட்டறையிலே வடநாட்டாரை மிகுதியாக எடுத்தனர் என்று கிளர்ச்சி எழுந்தது. மண்ணின் மைந்தர்க்கு வேலை என்ற கோரிக்கை நேர்மையானது. அது தேர்வு வாரியத்தை நோக்கிக் கேட்க வேண்டியது. கட்டடத்திலே கல் சுமக்கும் பீகாரியை நோக்கி எள்ளலாக ஏவ வேண்டியதன்று. அவன் இந்நாட்டின் குடிமகன். இருப்பினும் அவனையும் கள்ளனைப்போல் பார்க்கும் கண் சிலருக்கு வந்துவிட்டது. 2023 மார்ச்சிலே பொய்ப் படங்கள் பரப்பி இங்கே கலகம் மூட்ட முனைந்தோர்க்கு அந்தக் கண்தான் தேவைப்பட்டது. கைபர் கணவாய் வழியே வந்தோர் என்று நாம் பேசியது அவர்கள் வந்ததற்காக அன்று. வந்தபின் பிறப்பால் படிக்கட்டுக் கட்டி, நம்மைக் கடைசிப் படியிலே நிறுத்தியதற்காக!

2019 ஜூனிலே, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இந்திய வம்சாவளித் தமிழரின் வழக்கிலே, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையை ஆய்ந்திடுமாறு பணித்தது. அவ்வாண்டு டிசம்பரிலே வந்த திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாட்டைக் குறித்தது, இலங்கையை விட்டது, முஸ்லிமையும் விட்டது. தமிழகத்து அ.தி.மு.க. மாநிலங்களவையிலே அதற்கு வாக்களித்தது. 2021 செப்டம்பர் 8ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றம் அச்சட்டத்தைத் திரும்பப் பெறக் கோரித் தீர்மானித்தது. 2025 செப்டம்பரிலே ஒன்றிய அரசு ஓர் ஆணை விடுத்தது. 2015 சனவரி 9 வரை வந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்மைக்கான தண்டனை இல்லை என்றது. குடியுரிமை பற்றி அதிலே ஒரு சொல்லும் இல்லை.

தண்டிக்க மாட்டோம் என்பது சலுகை. நாம் கேட்பது உரிமை. 2003 திருத்தத்தின் 'சட்டவிரோதக் குடியேறி' எனும் வரையறையினின்று இம்மக்களை விலக்கி ஒரு வரி சேர்த்தால் போதும். 2024இலே தமிழ்நாட்டிலிருந்தும் புதுவையிலிருந்தும் நாற்பது பேரை மக்களவைக்கு அனுப்பினோம். தனிநபர் மசோதா கொணரும் உரிமை அவர்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு. பொன்மலைத் தோழர்கள் தம் தொகுதி உறுப்பினரிடம் கையொப்பத் தாளோடு செல்லட்டும். செல்லும் வழியிலே கொட்டப்பட்டிலே இறங்கி, அங்குள்ளோரையும் உடன் அழைத்துச் செல்லட்டும்.