நாய்க்கு எந்த டாக்டர்?

கதிர்காமம் பக்கம் நல்ல நாய் டாக்டர் யார் என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். என் அனுபவம் இது.

எங்கள் மணிக்கு மூன்று மாதம் இருக்கும்போது வாந்தி, ரத்தமாகக் கழிச்சல். ஒரு கிளினிக்கில் ஏசி, சோபா எல்லாம் இருந்தது. எடைகூடப் பார்க்காமல் ஓர் ஊசி, "நாளைக்கு வாங்க". ராத்திரி போனை யாரும் எடுக்கவில்லை. விடிந்ததும் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோவில் ஓடினோம். பயிற்சி மாணவர்கள் சூழ்ந்துகொண்டு கேள்வி மேல் கேள்வி. எனக்கோ எரிச்சல் (கேள்வி கேட்டே பிழைத்த வாத்தியாருக்கு!). "ரெண்டாவது தடுப்பூசி எப்போ சார் போட்டீங்க?" அட்டையில் அந்தக் கட்டம் காலி. தப்பு என்னுடையது. பார்வோ என்றார்கள். ஐந்து நாள் டிரிப்ஸ், பிழைத்துக்கொண்டது.

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று போடவேண்டும். ரேபிஸ் ஊசி மூன்றாம் மாதம், அப்புறம் டாக்டர் சொல்கிற தேதியில் தவறாமல்.

என்னைக் கேட்டால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். எடை போட்டு, அட்டையில் எழுதி, ராத்திரி ஆபத்தென்றால் எங்கே போவது என்று சொல்லி அனுப்புகிறவரிடம் போங்கள். உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். முதலில் வீட்டில் அந்த அட்டை எங்கே என்று தேடுங்கள்.