ஓட்டுப் பெட்டி வைத்தால் ரெயில் நின்றுவிடுமா?

வேலைநிறுத்தத்துக்கு ஓட்டெடுப்பு என்று சங்கம் அறிவித்ததும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் உள்ள தொழிலாளர் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "அடுத்த மாதச் சம்பளம் வருமா?" என்பதுதான். ஊருக்கு டிக்கெட் எடுத்தவர்கள், "ரெயில் ஓடுமா?" என்பார்கள். பயப்பட வேண்டியதில்லை. ஓட்டு வேறு, வேலைநிறுத்தம் வேறு.

பேச்சுவார்த்தையில் நிர்வாகம் வாய் திறந்து கேட்காவிட்டாலும் மனதுக்குள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்கள் பின்னால் எத்தனை பேர் வருவார்கள்?" அதற்குச் சங்கம் தரும் பதில்தான் ஓட்டுப் பெட்டி. "தேவைப்பட்டால் நிறுத்தலாம்" என்று தொழிலாளி தலைவருக்குக் கொடுக்கும் அதிகாரம் அது. நாள் குறிப்பது தலைவர்கள் கையில் இருக்கிறது.

ரெயில்வே கதை

1974 மே 8ந் தேதி தொடங்கிய ரெயில்வே வேலைநிறுத்தம் ஏறத்தாழ 20 நாட்கள் நீடித்தது. அதன் பிறகு அகில இந்திய அளவில் அப்படி ஒன்று நடக்கவில்லை. ஆனால் ஓட்டெடுப்பு நடந்தது. பழைய பென்ஷன் திட்டம் கேட்டு 2023 நவம்பரில் அகில இந்திய ரெயில்வே தொழிலாளர் சம்மேளனம் பெட்டி வைத்தது. ஆதரவு 90 சதவீதத்துக்கு மேல் என்று சங்கமே எண்ணி, சங்கமே அறிவித்தது. 2024 மே 1 முதல் நிறுத்தம் என்றார்கள். அன்று ரெயில்கள் வழக்கம்போல் ஓடின.

சட்டம் என்ன சொல்கிறது?

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் ஓட்டெடுப்பைக் கட்டாயமாக்கவில்லை. மராட்டிய அரசு 1971இல் இயற்றிய தொழிற்சங்க அங்கீகாரச் சட்டம்தான் அந்த நிபந்தனையை வைத்தது. அங்கீகாரம் பெற்ற சங்கம் உள்ள இடத்தில், நோட்டீஸ் கொடுக்கும் முன்பே உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் ஓட்டு வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்தம் சட்டவிரோதம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சங்கத்தில் 1,000 உறுப்பினர்கள். 600 பேர் வந்து, 400 பேர் ஆதரித்தாலும் போதாது. 501 பேர் வேண்டும். வீட்டில் படுத்துக் கொண்டவரும் எதிர்த்தவர் கணக்கில்தான் சேருகிறார்!

21.11.2025 முதல் அமலுக்கு வந்த மத்திய தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு நோட்டீஸ் விஷயத்தில் இன்னும் கெடுபிடியானது. முன்பு பொது உபயோக சேவைகளுக்கு மட்டும் இருந்த நோட்டீஸ் கட்டாயம் இப்போது எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் வந்துவிட்டது. நோட்டீஸ் கொடுத்து 14 நாட்களுக்குள் நிறுத்தக் கூடாது. சமரச அதிகாரி முதல் கூட்டத்தைக் கூட்டிவிட்டால், சமரசம் நடக்கும் வரையிலும், முடிந்த பிறகு 7 நாட்களும் நிறுத்தக் கூடாது. பாதிப்பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே. மீறும் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சூட்டோடு போட்ட ஓட்டு, இந்தக் காத்திருப்பிலேயே ஆறிப் போகும். நிர்வாகங்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஆதரவு மட்டும் போதுமா?

போதாது என்பதற்கு மும்பையே சாட்சி. 1982 ஜனவரி 18ந் தேதி டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். அவருக்குப் பின்னால் ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி பேசும் உரிமை ராஷ்ட்ரீய மில் மஸ்தூர் சங்கத்திடம் இருந்தது. தொழிலாளி நம்பிய தலைவருக்கு மேஜையில் நாற்காலி இல்லை. அந்த நிறுத்தம் முறைப்படி வாபஸ் பெறப்படவே இல்லை. மில்கள்தான் போயின.

தொழிலாளி கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கிறது. ஆரம்பிக்க ஓட்டுக் கேட்கிறார்கள். முடிக்கும்போது ஏன் கேட்பதில்லை? 2023இல் ஓட்டு விழுந்தது பழைய பென்ஷனுக்கு. 24.8.2024 அன்று மத்திய மந்திரிசபை ஏற்றது ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம். 25 ஆண்டு சேவைக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பள சராசரியில் பாதி உறுதி. ஆனால் சம்பளத்தில் 10 சதவீதப் பிடித்தம் தொடரும். இது போதுமா என்று கேட்டுப் பெட்டி மறுபடி வரவில்லை. புதியதற்குப் போவதா, 2004 திட்டத்திலேயே இருப்பதா என்பதை ஒவ்வொரு ஊழியரும் தனித்தனியே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. கெடு இருமுறை நீண்டு 30.11.2025இல் முடிந்தது.